தெருமுனை திரும்பும் சத்தம்

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பாம்புக் காது. இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. அந்தக் காதுக்குப் பக்கத்தில் பல வருஷம் குடியிருந்தவளின் புகார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் மிக்சி ஓடினால் மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: புஷ் தேய்ந்துவிட்டது, மாற்று, இல்லாவிட்டால் மோட்டாரும் போய்விடும். நான் மாற்ற மாட்டேன். கொஞ்ச நாளில் மோட்டார் போகும். எனக்குக் கோபம் மிக்சி மேல் வராது, அவள் மேல்தான் வரும்.

மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் அவளோடு தேங்காய் வாங்கப் போனவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்து ஆட்டுவாள், விரலால் சுண்டுவாள், வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். கடைக்காரர் என்னைப் பார்ப்பார். நான் இந்த அம்மாவை முன்பின் பார்த்ததே இல்லை என்பது போல வாழைப்பூவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வீட்டுக்கு வந்து உடைத்தால் அவளுடையது ஒன்றுகூட அழுகியிருக்காது. என்னுடையதில் ஒன்று கட்டாயம் அழுகியிருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் எனக்கு இருமல். கஷாயம் போட்டுக் குடித்துக்கொண்டு கிடந்தேன். சுவருக்கு அப்பால் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் துணியை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். இது சளி இருமல் இல்லை, உள்ளே வேறு சத்தம் கேட்கிறது, கிளம்பு என்றாள். நான் முனகினேன், சண்டை போட்டேன். ஆட்டோவில் தள்ளாத குறையாக ஏற்றினாள். நுரையீரலில் நிமோனியா. இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அதற்குப் பிறகும் அவளோடு சண்டை போட்டேன், ஆனால் காது விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் இந்த விஜயநகர் தெருவை விட்டுப் போய்ச் சில வருஷங்களாகின்றன. வெளியூரில் இருக்கும் அவள் மகன் வந்து அழைத்துப் போனான். அந்த வீட்டில் இப்போது இருப்பவர்கள் நல்லவர்கள்தான், என் மிக்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவள் வீட்டுக்காரரை நாங்கள் எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் அப்பா காலத்திலேயே அரசாங்க வேலைக்காக மைசூருக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். சாரும் நீர்ப்பாசன இலாகாவில் இருந்தார். அவரிடம் ஒரு சின்ன வெள்ளைக் கார். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நின்ற ரகம், இப்போது பழைய இரும்புக் கடையில்தான் பார்க்கலாம். அந்தக் காருக்கு ஒரு சத்தம் உண்டு. டக்டக்டக் என்று மூன்று தரம் அடித்து, ஒரு அடி விட்டுவிட்டு, மறுபடி டக்டக்டக். நொண்டிக்கொண்டு வருகிற சத்தம். எத்தனையோ மெக்கானிக்குகள் சரிசெய்கிறேன் என்றார்கள். சார் விடவில்லை. "அந்தச் சத்தம் போச்சுன்னா எனக்கு வீட்டுல காபி கிடைக்காது" என்பார்.

விஷயம் அதுதான். சாயங்காலம் அவர் கார் தெருமுனையில் திரும்பும்போதே அக்காவுக்குக் கேட்டுவிடும். என்ன வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு இருட்டுச் சமையலறைக்குள் போய் விளக்கைப் போடுவாள், பாலை அடுப்பில் ஏற்றுவாள். முனையிலிருந்து பார்த்தால் அந்த ஜன்னல் நேராகத் தெரியும். கார் வாசலில் நின்று, அவர் செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி உட்காரவும் டபரா கைக்கு வரவும் சரியாக இருக்கும். முனையில் திரும்பும்போது ஜன்னலில் விளக்கு எரியும், அதைப் பார்த்தால்தான் ஆபீஸ் முடிந்தது என்று தோன்றும் என்று சார் ஒருமுறை என்னிடம் சொன்னார். ரிடையர் ஆன பிறகும் சாயங்காலம் எங்காவது ஒரு சுற்றுப் போய்வருவார், அந்த விளக்குக்காகவே. நான் கேலி செய்வேன். இரண்டு பேருக்கும் வெட்கம் வரும், அந்த வயதில்.

அவருக்கு ஏதோ சரியில்லை என்று முதலில் தெரிந்துகொண்டதும் அந்தக் காதுதான். ஒரு சாயங்காலம் நான் அவள் வீட்டில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். அக்கா தலையை நிமிர்த்தினாள், எழுந்துபோய் விளக்கைப் போட்டு, பாலை வைத்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பால் காய்ந்தது. கார் வரவில்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். "முனையில நின்னுட்டு இருக்காரு. இன்ஜின் ஓடுது. திரும்ப மாட்டேங்கறாரு" என்றாள். அப்புறம், "நேரா போறாரு" என்றாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான்தான் ஓடிப்போய் அணைத்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இடது பக்கமா வலது பக்கமா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆரம்பம் அதுதான். டாக்டர் மறதி நோய் என்றார், மாத்திரை எழுதிக் கொடுத்தார். அக்கா கார் சாவியை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தாள். எதையெதையோ மறந்த மனிதர் அரிசி டப்பாவை மட்டும் எப்படியோ கண்டுபிடித்தார். ஒருநாள் ஸ்ரீரங்கப்பட்டணம் போகிற ரோட்டில் ரேடியேட்டரில் தண்ணீர் வற்றி, சிவப்பு விளக்கு எரிந்து, அந்த விளக்குக்கு என்ன அர்த்தம் என்று மறந்துபோய், இன்ஜின் தானாக இறுகி நிற்கும்வரை ஓட்டியிருக்கிறார். கரும்பு ஜூஸ் கடைக்காரர் ஒருவர் அவர் சட்டைப்பையில் இருந்த நம்பருக்குப் போன் செய்தார். நானும் அக்காவும் ஓடினோம். சார் காருக்குள் கையைக் கட்டிக்கொண்டு, டிராபிக்கில் மாட்டிக்கொண்டவர் மாதிரி பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

பிஸ்டன் பிடித்துக்கொண்டது, ஹெட் வளைந்துவிட்டது, இதற்குச் செலவு செய்வது வீண், குஜரிக் கடைக்குப் போட்டுவிடுங்கள் என்றார்கள் கராஜில். எங்கள் ஊரில் பழைய இரும்புக் கடைக்கு அதுதான் பெயர். அவள் போடவில்லை. கட்டி இழுத்து வந்து போர்ட்டிகோவில் நிறுத்தினாள். சார் தினமும் சாயங்காலம் அதில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்புறம் இறங்கித் தன் கார் எங்கே என்று தேடிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். காரிலிருந்து இறங்கிப் போய் அதே காரைத் தேடுவார். ஒருநாள் ரிங் ரோடு வரைக்கும் போய்விட்டார். லாரிகள் போகிற ரோடு அது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்களைப் போன்ற மைசூர்த் தமிழ் வீடுகளில் வாசற்படிக்கு உள்ளே தமிழ், வெளியே கன்னடம். பால்காரர், டாக்டர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், எல்லாரிடமும் வாய் தானாகக் கன்னடத்துக்குப் போய்விடும். யோசித்துப் பேசுவதில்லை. ஒரு மனுஷர் நம்மிடம் எதில் பேசுகிறார் என்பதிலேயே நாம் அவருக்கு உள்ளேயா வெளியேயா என்று தெரிந்துவிடும். ஒரு காலையில் அக்கா தோசை கொண்டுபோய் வைத்தபோது சார் நிமிர்ந்து பார்த்து, மிகவும் மரியாதையாக, "நீவு யாரு?" என்று கேட்டார். நீங்கள் யார் என்று. கன்னடத்தில்.

அவள் அழுதுகொண்டு வந்திருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அழவில்லை. என் வீட்டுப் படியில் மதியம்வரை உட்கார்ந்திருந்து, பிறகு எழுந்து, அந்தக் கார் இன்ஜினைத் தானே பிரித்துச் சரிசெய்யப் போவதாகச் சொன்னாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எனக்குக் கார் ஓட்டத் தெரியும், பானெட்டைத் திறக்கத் தெரியாது. அவளுக்கு லைசென்ஸ் இருந்தது, ஸ்பேனர் பிடித்துப் பழக்கமே இல்லை. இந்த வயதில் இது என்ன கூத்து, ஆளை வைத்துப் பார்த்துக்கொள்ள வழியைப் பார் என்று கத்தினேன். அவள் கத்தவில்லை.

"நேத்து தெருவுல அதே மாதிரி ஒரு வண்டி போச்சு. பாயை விட்டு எழுந்து கேட் வரைக்கும் ஓடினாரு. என் முகம் போயிடுச்சு, பேரு போயிடுச்சு. அந்தச் சத்தம் போகலை. அது திரும்பி வந்தா அது பின்னாடியே நானும் வந்துடுவேன், இல்லையா? ஒரு வார்த்தை தமிழ்ல பேசினாப் போதும் எனக்கு."

எனக்குச் சண்டை போடத்தான் தெரியும்.

போர்ட்டிகோவில் ஊஞ்சலுக்காகப் போட்ட கனமான கொக்கி இருந்தது. தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் சங்கிலிக் கப்பியோடு வந்து, அந்தக் கொக்கியில் மாட்டி இன்ஜினைத் தூக்கிக் கொடுத்தார். கீழே இறக்கிவைத்ததும், இனி என்ன செய்வீர்கள் அம்மா என்று சிரித்தார். போனில் வீடியோ பார்த்துச் செய்வேன் என்றாள். அவர் இன்னும் கொஞ்சம் சிரித்தார். அந்த வீடியோக்கள் ஹிந்தியில் இருந்தன, ஏதேதோ பாஷையில் இருந்தன. அவளுக்கு அது பொருட்டே இல்லை. பேச்சைக் கேட்காமல் ஸ்பேனர் போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். போல்ட்டு இறுகும்போது இப்படி முனகுகிறது, இதற்கு மேல் திருகினால் உடையும் என்பாள்.

அவள் வீட்டு இட்லித் தட்டுகள் எல்லாம் போயின. ஒவ்வொரு குழியிலும் ஒரு வால்வு, கழற்றிய வரிசையிலேயே. திரும்பப் போடும்போது அததன் இடத்துக்கே போக வேண்டுமாம். இட்லி வேண்டுமென்றால் என் வீட்டிலிருந்து போகும். போர்ட்டிகோ முழுக்கப் பாகங்களைக் கழுவிய டீசல் நாற்றம், சார் பாட்டுக்கு நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ ஒரு அம்மா ரிப்பேர் செய்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். நடுநடுவே கன்னடத்தில், என் வண்டியை எப்போது கொடுப்பீர்கள் என்று கேட்பார். சீக்கிரம் சார் என்பாள் அவள், அதே கன்னடத்தில்.

பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட், இவை மட்டும்தான் புதிதாக வாங்கியது. மிச்சமெல்லாம் குஜரிக் கடை. அங்கேயும் தேங்காய் வாங்குகிற மாதிரிதான். வாட்டர் பம்பைக் கையில் சுற்றிக் காதில் வைத்துக் கேட்பாள், வேண்டாம் என்று வைப்பாள், அடுத்ததை எடுப்பாள். நான் பழையபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தப்பும் நிறையச் செய்தாள். முதல் ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றும்போது கொஞ்சம் அதிகமாக விரித்துவிட்டாள், பட்டென்று உடைந்தது. ஒரு ரிங்குக்காக முழு செட்டும் வாங்க வேண்டியதாயிற்று. இன்னொரு கூத்து என் நெயில் பாலிஷால் வந்தது. கிராங்கைப் பிஸ்டன் தண்டோடு சேர்த்துப் பிடிக்கும் மூடிகளில் எது எதனுடைய ஜோடி என்று தெரியச் சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள், கல்யாணப் பெண்ணுக்கு வைக்கிற மாதிரி அழகாக. அப்புறம் எல்லாவற்றையும் சுத்தமாகக் கழுவ வேண்டும் என்று பெயிண்ட் தின்னரில் போட்டுவிட்டாள். பொட்டெல்லாம் போய்விட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளும் சிரித்தாள். அந்த வருஷம் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மாற்றி மாற்றிப் பூட்டி, கிராங்கைக் கையால் சுற்றி, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இரும்பில் வைத்து அதன் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டாள். உரசுகிறது, உரசுகிறது, ஆ, இப்போது உரசவில்லை என்றாள். லேத்காரர் வந்து அளந்து பார்த்தார். சரியாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, போல்ட்டு இறுக்கும் அளவு ரெஞ்சை இரவல் கொடுத்தார். அது சரியான இறுக்கம் வந்ததும் டிக் என்று சொல்லும். "இதுக்கும் வாய் இருக்கு பாரு" என்றாள் சந்தோஷமாக.

மழைக்கு முன்னால் ஆரம்பித்தது ஆயுத பூஜைக்கு முடிந்தது. லேத்காரர் அதே சங்கிலிக் கப்பியால் இன்ஜினைத் தூக்கிக் காரில் இறக்கிக் கொடுத்தார். தெருவில் எல்லா வண்டிக்கும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். அவளும் கட்டினாள், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் மேலே ஏறட்டும் என்று இன்ஜினைச் சும்மா கொஞ்ச நேரம் சுற்றவிட்டாள். பிளக்கை மாட்டினாள். சாரைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, முன் சீட்டில் உட்காரவைத்தாள். தெருவே நின்று பார்த்தது. லேத்காரரும் வந்திருந்தார். சாவியைத் திருப்பினாள்.

உடனே பிடித்துக்கொண்டது. நெய் மாதிரி ஓடியது. பக்கத்தில் நிற்கிற எனக்கே ஓடுகிறதா இல்லையா என்று தெரியவில்லை, அவ்வளவு சாது. எல்லாரும் கை தட்டினார்கள். லேத்காரர் பூசணிக்காயை ஓங்கி உடைத்தார். முதல் தடவை கை வைத்தவர் செய்த வேலை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்றார்.

சார் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார். "இது நன் காடி அல்லா" என்றார். என் வண்டி இல்லை. சொல்லிவிட்டு கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் நடந்தார், தன் வண்டியைத் தேடிக்கொண்டு.

கை தட்டியவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான்தான் அவர் பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது அக்கா காருக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல்.

எனக்குத் தெய்வத்தின் மேல், டாக்டர் மேல், அந்த மனுஷர் மேலும்தான் கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டவளிடம் ஒரு வார்த்தை பொய்யாகவாவது சொல்லக் கூடாதா? அவளுக்கு அந்தக் கோபம் இல்லை. சாயங்காலம் வந்து, தப்பு என்னுடையதுதான், நான் சரியாகச் செய்துவிட்டேன் என்றாள்.

மறுநாள் லேத்காரரிடம் போய் டேப்பெட்டைத் தளர்த்த வேண்டும் என்றாள். வால்வை மேலிருந்து அமுக்கும் சின்னச் சுத்தியல் மாதிரி ஒன்று அது. இடைவெளி அதிகமானால் டக்டக்கென்று அடிக்கும். அவர் பதறிப்போனார். புது வேலையைக் கெடுக்காதீர்கள் அம்மா, வால்வு சீக்கிரம் போய்விடும், நான் கை வைக்க மாட்டேன் என்றார். அவள் தானே வைத்தாள். மேல் மூடியைத் திறந்து ஒரு திருகைக் கொஞ்சம் தளர்த்துவாள், ஸ்டார்ட் செய்வாள், கண்ணை மூடிக் கேட்பாள், அணைப்பாள். இது இல்லை என்பாள். எனக்கு எல்லாம் ஒரே டக்டக்தான். ஒரு வாரம் போல இதே வேலை. ஒரு மத்தியானம் நான் என் வீட்டில் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அப்பாலிருந்து வந்தது. டக்டக்டக், ஒரு அடி விட்டு, டக்டக்டக். கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். என்னையும் அறியாமல் கடிகாரத்தைப் பார்த்தேன், சார் வருகிற நேரமா என்று.

அன்று சாயங்காலம் அவரை என்னிடம் விட்டுவிட்டு அவள் காரை எடுத்துக்கொண்டு போனாள். நானும் சாரும் போர்ட்டிகோவில் உட்கார்ந்திருந்தோம். முனையில் சத்தம் கேட்டது. சார் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், தலையைக் கையால் கோதினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. கேட்டைத் திறந்து நின்றார். கார் வந்தது. அக்கா இறங்கினாள், கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

சார் பானெட்டில் கை வைத்தார், மாட்டைத் தடவுவது போலத் தடவினார். பிறகு அவளைப் பார்த்தார். இரண்டு கையும் கூப்பி, "தும்பா சென்னாகி மாடித்தீரி" என்றார். ரொம்ப நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று. அப்புறம் கொஞ்சம் தயங்கி, கன்னடத்திலேயே, என்னை வீட்டில் கொண்டுபோய் விட முடியுமா, வீட்டில் காத்துக்கொண்டிருப்பாள் என்றார். வண்டிச் சத்தம் கேட்டால் போதும், காபி வைத்துவிடுவாள் என்றார்.

சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டுதான் கேட்டார்.

அக்கா காரைச் சுற்றி அவர் பக்கம் வந்தாள். "பன்னி சார்" என்றாள். வாங்க சார். கதவைத் திறந்து அவரை உட்காரவைத்தாள். சுற்றிவந்து தன் பக்கம் ஏறும் முன்னால் என்னிடம் தமிழில் சொன்னாள்: "முனையில திரும்புறப்ப லைட்டைப் போட்டுடு. பாலை வெச்சிடு."

நான் போட்டேன். பாலை வைத்தேன். கண்ணீர் அடுப்பில் விழுந்து சுர்ரென்றது. கார் வாசலில் நின்றது. டிரைவர் அம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டு சார் உள்ளே வந்தார், கைகால் கழுவப் போனார். டிரைவர் அம்மா பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுக்கு ஓடி வந்தாள், செருப்பை உதறினாள், முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள், என் கையிலிருந்து டபராவைப் பிடுங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

சார் காபியை வாங்கி ஒரு வாய் குடித்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னிக்கு லேட்டாயிடுச்சும்மா. வண்டி ரிப்பேர். ஒரு அம்மா கொண்டுவந்து விட்டாங்க, ரொம்ப நல்லவங்க" என்றார், தமிழில்.

"அப்படியா" என்றாள் அக்கா. "நாளைக்கும் அவங்களையே வரச் சொல்லுங்க."

அப்புறம் தினமும் இதுதான். சாயங்காலம் காரில் ஒரு சுற்று. கன்னடத்தில் பேசிக்கொண்டே போவார்கள். சார் டிரைவர் அம்மாவிடம் தன் மனைவியைப் பற்றிச் சொல்வாராம். எதையும் காதாலேயே கண்டுபிடிப்பாள், அவளிடம் பொய் சொல்ல முடியாது, குரலிலேயே பிடித்துவிடுவாள் என்பாராம். அக்கா இதையெல்லாம் மறுநாள் சுவர் வழியாக என்னிடம் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து தன்னிடம் சொல்லாததையெல்லாம் டிரைவரிடம் சொல்கிறார் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, சட்டென்று உள்ளே போய்விடுவாள். அந்தத் தமிழ் அந்த ஒரு டபரா காபி இருக்கும்வரைதான். டபரா காலியானதும் அதுவும் போய்விடும்.

போகப் போக அந்தத் தமிழ் முதல் வாய் காபிக்கு மட்டும் என்று சுருங்கியது. பிறகு ஒருநாள் காபியை வாங்கிக்கொண்டு அவர் "தேங்க்ஸ் ரீ" என்றார், கன்னட ஹோட்டலில் சர்வரிடம் சொல்வது போல. அதற்குப் பிறகும் அவள் காரை எடுக்காமல் இருக்கவில்லை. நான் விளக்குப் போடாமலும் இருக்கவில்லை.

சார் போனது தை மாதக் குளிரில். தூக்கத்திலேயே போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து, மகன் டிக்கெட் போட்டு, பெட்டிகள் கட்டி, காரை யாருக்கோ பேசி முடித்தாகிவிட்டது. மறுநாள் காலை வந்து எடுத்துப் போவார்கள். அன்று சாயங்காலம் அக்கா சாவியோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"ஒரு சுத்து ஓட்டிட்டு வர்றியா?"

"எதுக்கு அக்கா?"

"அதைச் சரிபண்ணின நாளிலேருந்து நான்தான் ஓட்டினேன். எப்பவும் உள்ளேயே உக்காந்திருந்தேன். அது முனையில திரும்பி வர்றதை ஒரு நாள்கூட நான் வீட்டுலேருந்து கேக்கலை."

சாவியை வாங்கிக்கொண்டேன். பூங்காவைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்த் திரும்பினேன். டக்டக்டக் என்று அது பாட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தது. இருட்ட ஆரம்பித்திருந்தது. தெருமுனையில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன்.

சமையலறை ஜன்னலில் விளக்கு எரிந்தது.

வாசல்வரை போனேன். நிறுத்தினால் இறங்கப் போவது நான்தான். பிரேக்கில் கால் வைக்க மனசு வரவில்லை. அவள் வீட்டைத் தாண்டி நேராகப் போய், பூங்காவைச் சுற்றி, மறுபடியும் முனைக்கு வந்தேன்.